சவரி மச்சானின் பதினோரு பார் பாட்டு

கணக்கில் கெட்டிக்காரனைப் பாட்டுக்குப் பக்கத்தில் விடக் கூடாது. ஏதோ பொது உண்மையைச் சொல்வதுபோல ஆரம்பித்தாலும் இது ஒப்புதல் வாக்குமூலம்தான். அந்தக் கெட்டிக்காரன் நான். ஒரு மனிதர் தன் மகள் கல்யாணத்தில் பாட வைத்திருந்த ஒரே ஒரு பாட்டை, முன்னூறு பேர் பார்க்க, ஒரு மவுத் ஆர்கனைக் கையில் வைத்துக்கொண்டு நாசம் செய்தேன். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, ரசித்து ரசித்துச் செய்தேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலை. சூளையிலிருந்து வெளியே வருகிற சாமான்களைச் சோதிக்க வேண்டும். கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்ன மரக்கட்டையால் தட்டுவேன். கிண்ணென்று சத்தம் வந்தால் நல்ல சரக்கு. டொக்கென்று வந்தால் உள்ளே விரிசல், தூக்கிக் கழிவில் போட வேண்டியதுதான். பதினெட்டு வருடம் இதையே செய்தவன் வீட்டிலும் சும்மா இருப்பானா? (கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக் காபிக் கோப்பையை நகத்தால் தட்டி, "இது தேறாது" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி ஜெயசீலி இரண்டு நாள் பேசவில்லை.)

மவுத் ஆர்கன் எனக்கு நாற்பது வயதுக்கு மேல் பிடித்த பித்து. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதிலும் ப்ளூஸ் என்கிற வகை மட்டும்தான். அமெரிக்காவில் பருத்திக் காட்டிலும் தண்டவாளத்திலும் முதுகொடிந்த கறுப்பின மக்கள் பாடிய பாட்டு அது. அவர்கள் பட்ட பாடு என்ன, ஏன் பாடினார்கள் என்பதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. எனக்குப் பிடித்தது அதில் இருந்த ஒழுங்கு.

அந்த ஒழுங்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார். (நீங்கள் நினைக்கிற பார் இல்லை. அங்கே போனவர்களுக்கு எண்ணிக்கை நிற்காது.) பன்னிரண்டு பார் ஒரு சுற்று. அதற்குள் மூன்றே மூன்று கார்டு, அதாவது கிட்டாரில் பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிற பிடி. முதல் கார்டை நம் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பக்கத்து வீடு. மூன்றாவது கடைத்தெரு. நாலு பார் வீட்டில் இருப்போம். இரண்டு பார் பக்கத்து வீட்டுக்குப் போவோம், இரண்டு பார் திரும்ப வீடு. அப்புறம் ஒரு பார் கடைத்தெரு, வருகிற வழியில் ஒரு பார் பக்கத்து வீடு, கடைசி இரண்டு பார் நம் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிடலாம். ஆயிரம் பாட்டு இதே அச்சில் வார்த்தது. அச்சில் வார்த்த சரக்கைச் சோதித்தே வயிறு வளர்ப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆனால் மவுத் ஆர்கனில் பத்தே ஓட்டை. எல்லாச் சுரமும் அதில் கிடையாது. இந்த மூன்று இடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் எப்படி ஊதினாலும் ஓரளவு தப்பித்துவிடலாம். பாட்டு வேறு எங்காவது திரும்பினால் மானம் போய்விடும். வழக்கமில்லாத கார்டு வரிசை வந்தால் என்ன செய்வது என்று வீடியோவில் ஒருவர் தனிப் பாடமே நடத்தினார். நமக்கு எதற்கு இந்த வம்பு என்று அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்தேன்.

இப்போது சவரி மச்சான். ஜெயசீலியின் அண்ணன். என் கம்பெனியில்தான் வேலை பார்த்தார், ஆனால் கல்மாவு அரைக்கிற பிரிவில். இருபத்திரண்டு வருடம் அந்தப் புழுதியில் நின்றவர். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு. ஐம்பத்தொன்றாவது வயதில், "நுரையீரல் முழுக்க மாவு உறைஞ்சு கெடக்குது" என்று புதுச்சேரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அதற்கப்புறம் வீட்டில் கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் வந்துவிட்டது. கக்கூஸுக்குப் போய் வந்தாலே மூக்கில் குழாயைச் செருகிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

அவர் மாதா கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசித்தவர். நல்ல குரல். நான் அனுப்பிய ப்ளூஸ் பாட்டுகளைப் படுத்த படுக்கையில் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம்.

"மாப்ள, பாப்பாவுக்கு ஒரு பாட்டு கட்டி வச்சிருக்கேன். மண்டபத்துல நானே பாடணும். அவளுக்குத் தெரியக் கூடாது."

லூர்து அக்கா, அவர் மனைவி, சமையற்கட்டிலிருந்தே கத்தினார். "நாலு வார்த்த சேந்தாப்புல பேச முடியல, பாட்டு பாடப் போறாராம். மண்டபத்துலயே உசுரு பூட்டுதுன்னா?"

"போனா போவட்டும். தாலி கட்டி முடிச்சிருக்கும்ல," என்றார் மச்சான்.

விஷயம் இதுதான். குழாயைக் கழற்றி வைத்துவிட்டு அவரால் நாலைந்து நிமிடம் தாங்க முடியும். பாட்டில் மூன்று சரணம், சரணத்துக்கு மூன்று அடி. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் நான் ஊத வேண்டும். "நீங்க ஊதுற நேரத்துல நான் மூச்சு வாங்கிக்கிறேன் மாப்ள. நீங்க இருந்தாதான் எனக்கு ஆவும்," என்றார். ஒரு மவுத் ஆர்கன்காரனிடம் இதைவிடப் பெரிய பொறுப்பை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு அது பொறுப்பாகத் தெரியவில்லை, சான்ஸாகத் தெரிந்தது.

முதல் சரணத்தை மெதுவாகப் பாடிக் காட்டினார்.

"கண்ணு, கதவத் தொறந்து வையி, நா மெதுவா வரேன்.
கண்ணு, கதவத் தொறந்து வையி, நா மெதுவா வரேன்.
பாதி தூரம் நின்னு வரேன், மீதி தூரம் நெனச்சு வரேன்."

இதைக் கேட்டு வேறு யாராக இருந்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், ஒரு பார் கொறையுது."

"எங்க கொறையுது?"

"பன்னண்டு இருக்கணும். உங்களுக்குப் பதினொன்னுதான் வருது. அப்புறம் எட்டாவதுல தப்பான கார்டு புடிக்கிறீங்க. ஒம்போதுலயும் தப்பு."

"கேக்க நல்லாத்தான இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா தப்பு."

(நான் சொன்னது அப்படியே இதுதான். மாற்றவில்லை.)

உண்மையில் அவர் செய்தது இது. ஏழு பார் வரைக்கும் எல்லோரையும் போல வீடும் பக்கத்து வீடுமாக வருவார். எட்டாவதில், இன்னும் வீட்டிலேயே இருக்க வேண்டிய நேரத்தில், யாரென்றே தெரியாத ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுவார். ஒன்பதாவதில் அங்கிருந்து இன்னொரு தெரியாத வீடு. பத்தில் கடைத்தெரு, பதினொன்றில் தன் வீடு, உட்காராமல் உடனே அடுத்த சரணம். எட்டாவது பாரில் வரும் கார்டுக்குத் தேவையான ஒரு சுரம் என் மவுத் ஆர்கனில் இல்லவே இல்லை. பழக்க தோஷத்தில் நான் வீட்டுச் சுரத்தை ஊதினால் இரண்டும் மோதிக்கொண்டு நாராசமாகக் கேட்டது. மோதியது யாருடைய தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"பன்னண்டு வரைக்கும் காத்துக்கினு இருந்தா உள்ள இருக்குற காத்து எறங்கிப் பூடுது மாப்ள. இழுத்த மூச்சோட அடுத்த அடியப் புடிச்சிரணும். அந்த எட்டாவது வந்து… அங்க நெஞ்சு முட்டுது. விரலு தானா அங்க போயி நிக்குது. அதப் புடிச்சாதான் கடைசி அடிக்குத் தாவ முடியுது," என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பழகினா வந்துரும் மச்சான்," என்றேன் நான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒரு படி மேலே போய்க் கூடத்தை நிமிர்த்தவே இறங்கிவிட்டேன். நாலு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. காற்றை மிச்சம் பிடிக்க அவர் முதல் சரணத்தை மட்டும் பாடுவார். கடைசி ஞாயிறு ஒரே ஒரு தடவை மூன்றையும் பாடினார். நான் பக்கத்திலேயே நின்று, அவர் காதில் விழட்டும் என்று உரக்க எண்ணினேன். பதினொன்றில் அவர் தாவும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். திருந்துகிற ஆள் இல்லை என்று தெரிந்ததும் மனதுக்குள் ஒரு முடிவெடுத்தேன். மேடையில் அந்தப் பன்னிரண்டாவது பாரை நானே ஊதி நிரப்பிவிட வேண்டும். சபையில் மச்சானுக்குக் கணக்குத் தெரியாது என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது பாருங்கள். பிரியாணிக்குக் காத்திருக்கிற முன்னூறு பேரில் பார் எண்ணுகிறவர் ஒருவரும் இருக்க மாட்டார் என்பது எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணம் கோயிலில் நல்லபடியாக முடிந்தது. மதியம் பக்கத்து மண்டபத்தில் வரவேற்பு. மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் மெஷினை வைத்திருந்தோம். ஃபாதர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மச்சானை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் கிட்டாரைக் கொடுத்தார்கள். போட்டோவில் குழாய் விழக் கூடாது என்று அவரே கழற்றிக் கொடுத்தார். மணக்கோலத்தில் நின்ற ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "அப்பா, வேணாம்ப்பா," என்றாள். அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரே ஒரு பாட்டு.

முதல் அடி பாடினார். சபை அடங்கிவிட்டது. நான் ஊதினேன், அவர் மூச்சு வாங்கினார். இரண்டாவது அடி. நான் ஊதினேன், அவர் மூச்சு வாங்கினார். இது வரைக்கும் என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த அரை நிமிடம்தான். மூன்றாவது அடிக்கு முன்னால் அந்த எட்டாவது பார் வந்தது. அவர் தெரியாத வீட்டுக்குப் போனார். நான் விடாப்பிடியாக நம் வீட்டுக் கதவைத் தட்டினேன். மைக் வைத்த இடத்தில் அந்த மோதல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. மச்சான் சமாளித்து மூன்றாவது அடியைப் பாடி முடித்துவிட்டார்.

பதினொன்று முடிந்தது. அவர் இழுத்த மூச்சோடு இரண்டாவது சரணத்தைத் தொடங்க வாயைத் திறந்தார். நான் பன்னிரண்டாவது பாரை ஊதினேன். என் வாழ்நாளின் மிகப் பெரிய சத்தம் அது. அவர் குரல் அதில் முழுகிப்போனது. மரியாதை தெரிந்த மனிதர், தங்கை மாப்பிள்ளை முடிக்கட்டும் என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் பாடவில்லை என்றதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மறந்துவிட்டார், பாவம், இன்னொரு சுற்று வாசித்து எடுத்துக் கொடுப்போம். கண்ணை மூடிக்கொண்டேன். வீடியோவில் பெரிய வித்துவான்கள் எல்லாம் கண்ணை மூடித்தான் வாசிக்கிறார்கள். பன்னிரண்டு பார், கச்சிதமாக. அந்தச் சுற்றிலும் பதினொன்றில் அவர் பாட வந்தார், மறுபடியும் என் பன்னிரண்டு அவர் வாயை அடைத்தது. அடுத்த சுற்றிலும் அதே கதை. மூன்று தடவை மூச்சை இழுத்து மூன்று தடவையும் வீணாக்கினார். பிறகு கிட்டார் நின்றுவிட்டது. சோலோ, அதாவது ஒருவரின் தனி வாசிப்பு, களைகட்டும்போது மற்றவர்கள் நிறுத்தி வழிவிடுவதும் ப்ளூஸில் உண்டு. சரி, மச்சான் வழி விடுகிறார் என்று இன்னும் உற்சாகமாக ஊதினேன். யாரோ வேகமாகக் கை தட்டுகிற சத்தம் கேட்டது. பாராட்டு என்றே நினைத்தேன்.

"என்னாங்க, போதும்! நிறுத்துங்க!"

அது ஜெயசீலி. கண்ணைத் திறந்தபோது நாற்காலி காலி. கிட்டார் தரையில் கிடந்தது. மச்சானை நாலு பேர் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா அவர்கள் பின்னால் ஓடினாள். மேடையில் நான் ஒருவன்தான் நின்றிருந்தேன். வீடியோக்காரர் மட்டும், இவர்தான் முக்கியமான ஆள் போலிருக்கிறது என்று, என் முகத்தை மெதுவாகக் கேமராவில் கிட்டத்தில் இழுத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீடியோவில் அது முழுசாக இருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். வாசலிலேயே திரும்பிவிடலாமா என்றிருந்தது. கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சான் ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு விரலால் தூக்கினார்.

"எனக்கு மிச்சம் இருந்த மூச்சையும்… நீங்களே ஊதிட்டீங்களே மாப்ள."

பிறகு அவரே சிரித்தார். லூர்து அக்கா சிரித்தார், ஜெயசீலி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நர்ஸம்மா ஓடிவந்து என்னை வெளியே துரத்தினார். ஒரே வாரத்தில் அந்த மனிதரை நான் இரண்டாவது முறையாகக் கொல்லப் பார்த்தேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் பலூன் ஊத வேண்டும் என்றாலும் அணைந்த அடுப்பை ஊத வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அவரக் கூப்புடு, அவருகிட்ட ரெண்டு ஆளு மூச்சு இருக்குது." நானும் சிரித்துக்கொண்டே ஊதிக் கொடுப்பேன்.

மச்சான் அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தார். புருஷன் வீடு திருப்பூரில் என்பதால் ஸ்டெல்லா தினமும் வீடியோவில் பேசுவாள். மீதிப் பாட்டைச் சொல்லுப்பா என்று கேட்டாளாம். "வெறுமனே சொன்னா நல்லாருக்காது பாப்பா. கொஞ்சம் தேறி வந்து பாடறேன்," என்றாராம். தேறவில்லை. இரண்டு டாக்டரிடம் கேட்டுவிட்டேன், அன்றைக்கு மேடையில் நடந்ததற்கும் அவர் சாவுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் சொன்னார்கள். கல்மாவு செய்த வேலை, உங்களால ஒன்னும் ஆவல என்று ஜெயசீலியும் சொல்கிறாள். நம்புகிறேன். சில நாள் நம்ப முடிவதில்லை.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது ஸ்டெல்லா கேட்டாள். "மாமா, ஒத்திகைல நீங்கதான கூட இருந்தீங்க? ரெண்டாவது, மூணாவது சரணம் என்னான்னு ஞாபகம் இருக்குதா?"

ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. எந்தப் பாரில் எந்தக் கார்டு என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். லூர்து அக்காவுக்கும் தெரியவில்லை. "மெல்ல முணுமுணுப்பாரு, எனக்குக் குக்கர் சத்தத்துல என்னா கேட்டுச்சு?" என்றார். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. கடைசி ஞாயிறு அவர் மூன்று சரணத்தையும் பாடியபோது செல்போனில் பதிவு செய்திருந்தேன்! (எதற்கு? தப்பு எங்கே என்று அவருக்கு ஆதாரத்தோடு காட்டத்தான்.) இத்தனை நாள் தலையைக் குனிந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போனைத் தேடி எடுத்து, சத்தத்தை முழுசாக வைத்து, நடுவில் வைத்தேன். எல்லோரும் கிட்டே வந்தார்கள்.

கிட்டார் கேட்டது. முதல் சரணம் தொடங்குவது கேட்டது. அப்புறம் என் குரல்.

"ஒன்னு ரெண்டு மூணு நாலு. ரெண்டு ரெண்டு மூணு நாலு. மூணு ரெண்டு மூணு நாலு…"

எத்தனையாவது பார் என்று தெரிய, ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் பாரின் எண்ணைச் சொல்வது வழக்கம். போன் என் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. கணீரென்று எண்ணியிருக்கிறேன். எங்கோ பின்னால் மச்சானின் குரல், பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல ஏறி இறங்கியது. "கண்ணு" என்ற ஒரு சொல் மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. எட்டாவதில் அந்தத் தெரியாத கார்டு வந்தது. முதல் தடவையாக அதை நான் எண்ணாமல் கேட்டேன். எவ்வளவு பொருத்தமாக இருந்தது! அங்கே நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான், வாயை எடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். போனில் இருந்த நான் எண்ணிக்கொண்டே போனேன். "பதினொன்னு ரெண்டு மூணு நாலு. ச்சே!" மறுபடி, "ஒன்னு ரெண்டு மூணு நாலு…" மூன்று சரணமும் அப்படியே முடிந்தது.

போனை எடுத்துப் பைக்குள் போட எனக்குக் கை வரவில்லை. லூர்து அக்காதான் முதலில் சிரித்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார், எந்த இடத்தில் அது அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லா, "அத எனக்கு அனுப்புங்க மாமா," என்றாள்.

அனுப்பினேன். அவளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை, எல்.கே.ஜி படிக்கிறது. பிறந்ததிலிருந்து அந்தப் பதிவைப் போட்டுத்தான் தூங்க வைத்திருக்கிறாள். ஏதாவது ஒரு வார்த்தை பிடிபடுமா என்று ஸ்டெல்லாவும் தினம் கேட்பாளாம். பிடிபடவில்லை. குழந்தைக்கோ பாட்டு முழுசும் மனப்பாடம். அதற்குத் தாத்தா பாட்டு என்றால் நான் எண்ணுவதுதான்.

போன மாதம் ஸ்கூலிலிருந்து மிஸ் கூப்பிட்டாராம். "உங்க பாப்பாவுக்கு நம்பர் எல்லாம் கொழப்பமா இருக்குதுங்க. பதினொன்னுக்கு அப்புறம் என்னான்னு கேட்டா 'ச்சே'ன்னு சொல்லுது. திட்டினா, மறுபடி ஒன்னுலேந்து ஆரம்பிக்குது. வூட்ல யாரு இப்படிச் சொல்லிக் குடுக்கிறது?"

ஸ்டெல்லா சொன்னாளாம்: "அது அவ தாத்தா பாட்டு மிஸ். அதுல பன்னண்டு கெடையாது."